பெயர் தெரிந்தால் பொருள் தெரிந்துவிடுமா?

"பால் எந்த வகைப் பொருள்?" என்று கேட்கிறார் உபாத்தியாயர்.

"கலவை!" என்று வகுப்பே ஒரே குரலில் முழங்குகிறது.

"தண்ணீர்?"

"சேர்மம்!"

"தங்கம்?"

"தனிமம்!"

ஒரு பதில்கூடத் தவறவில்லை. உபாத்தியாயருக்குத் திருப்தி, மாணவர்களுக்கும் திருப்தி. அந்த நேரம் பார்த்துக் கடைசி பெஞ்சில் ஒரு சிறுவன் எழுந்து நிற்கிறான். "சார், தண்ணீர் சேர்மம் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்கிறான். வகுப்பு கப்சிப் என்று அடங்கிவிடுகிறது.

"புத்தகத்தில் போட்டிருக்கிறது. உட்கார்!"

இந்தக் காட்சி எந்த ஊரிலும், எந்தப் பள்ளியிலும் நடக்கக் கூடியதுதான். ரசாயனத்தின் முதல் பாடமே பொருள்களை வகைப்படுத்துவது. எது தனிமம், எது சேர்மம், எது கலவை; எது பௌதிக குணம், எது ரசாயன குணம் என்று அந்தப் பாடம் பிரித்துக் காட்டுகிறது. ஆனால் அது பெரும்பாலும் தீர்ப்புகளின் பட்டியலாகவே சொல்லித் தரப்படுகிறது. விசாரணை எப்படி நடந்தது, சாட்சி யார், தடயம் என்ன என்பதெல்லாம் வகுப்புக்குள் வருவதே இல்லை. விசாரணை இல்லாத தீர்ப்பை மனப்பாடம் செய்தவனுக்குப் பெயர்கள் தெரியும், பொருள் தெரியாது. இந்த முறை மாறத்தான் வேண்டும்.

சேர்வது வேறு, கலப்பது வேறு

இந்தப் பாடத்தைத் தமிழில் படிப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பெயர்களே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடுகின்றன. தனித்து நிற்பது தனிமம். சேர்ந்து ஒன்றாகிவிட்டது சேர்மம். கலந்து கிடப்பது கலவை. இலங்கைத் தமிழர்கள் தனிமத்தை மூலகம் என்பார்கள். சேர்மத்தைச் சேர்வை என்பார்கள். அங்கும் 'சேர்' என்ற வேர்தான் நிற்கிறது.

ஆனால் சேர்வதற்கும் கலப்பதற்கும் என்ன வித்தியாசம்? வீட்டுக் காப்பியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். டிகாக்ஷன் ஒரு கரண்டி கூடினாலும் அது காப்பி, குறைந்தாலும் காப்பி. கணவன் மனைவிக்குள் சண்டை வரலாம். காப்பி என்ற பெயர் போய்விடாது. அதுதான் கலவை.

தண்ணீர் அப்படி அல்ல. 1 கிராம் ஹைட்ரஜனும் 8 கிராம் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் 9 கிராம் தண்ணீர். ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கூட்டிப் போடலாம் என்றால் தண்ணீர் அதை ஏற்காது. எஞ்சியது எஞ்சியபடியே நிற்கும். 1 கிராம் ஹைட்ரஜனோடு 16 கிராம் ஆக்ஸிஜன் சேர்ந்த பொருளும் உலகில் உண்டு. ஆனால் அது தண்ணீர் அல்ல, ஹைட்ரஜன் பெராக்ஸைடு. கூந்தலின் கருமையை வெளுக்க வைக்கிற சரக்கு அது. 8 அல்லது 16. இடையில் பேரம் கிடையாது. அதுதான் சேர்மம்.

சேர்ந்த பிறகு பழைய குணமும் போய்விடுகிறது. சோடியம் என்ற உலோகத்தைக் கத்தியால் நறுக்கலாம். தண்ணீரில் போட்டால் சீறிப் பாய்ந்து தீப்பற்றும். குளோரின் என்ற வாயு நுரையீரலை அரிக்கும் நஞ்சு. 1915-ஆம் ஆண்டு ஈப்ரே போர்க்களத்தில் சிப்பாய்களைக் கொல்லப் பயன்பட்டது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் தினமும் ரசத்தில் போடுகிற உப்பு! சோடியத்தின் மூர்க்கமும் இல்லை. குளோரினின் விஷமும் இல்லை.

சரி, அந்தச் சிறுவன் கேட்ட கேள்விக்கு விடை என்ன? 1800-ஆம் ஆண்டு லண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினார்கள். ஒரு கம்பியில் ஹைட்ரஜன், மறு கம்பியில் ஆக்ஸிஜன் என்று இரண்டு வாயுக்கள் குமிழியிட்டுக் கிளம்பின. ஹைட்ரஜனின் கன அளவு ஆக்ஸிஜனைப் போல் இரு மடங்கு. இந்த இரண்டையும் கலந்து தீ வைத்தால் மறுபடியும் தண்ணீர் கிடைக்கிறது. பிரித்தும் பார்த்தாயிற்று, சேர்த்தும் பார்த்தாயிற்று. "எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும்.

உப்பளத்தில் நடக்கும் பாடம்

கலவையைப் பிரிப்பதற்குத் தீயும் திராவகமும் வேண்டியதில்லை. பௌதிக குணம் ஒன்று கைகொடுத்தால் போதும். முறத்தில் புடைக்கும் பாட்டிக்கு இது தெரியும். உமி இலேசானது, அரிசி கனமானது என்ற ஒரே வித்தியாசத்தை வைத்து அவள் இரண்டையும் பிரிக்கிறாள். தயிர் கடையும் மத்தும் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. பாலில் ஏற்கெனவே இருந்த வெண்ணெயைத்தான் திரட்டிக் கொடுக்கிறது. பால் கலவை என்பதற்கு மத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களுக்குப் போக வேண்டும். கடல்நீர் ஒரு லிட்டரில் சாதாரணமாக 35 கிராம் அளவுக்கு உப்புகள் கரைந்திருக்கின்றன. 'உப்பு' அல்ல, 'உப்புகள்'! முக்கால் பங்குக்கு மேல் சாப்பாட்டு உப்புதான் என்றாலும், கால்சிய உப்புகளும் மக்னீசிய உப்புகளும் கூடவே இருக்கின்றன. நீரை மொத்தமாகக் காய்ச்சி வற்ற வைத்தால் எல்லாம் ஒன்றாகப் படிந்து கசக்கும்.

உப்பளத் தொழிலாளர்கள் அப்படிச் செய்வதில்லை. பாத்தி பாத்தியாக நீரை மாற்றி வெயிலில் காய விடுகிறார்கள். ஜிப்சம் முதலில் படிந்து விலகிவிடுகிறது. மிதவைக் கருவியில் 25 டிகிரி பாமே அளவுக்கு நீர் கெட்டிப்பட்ட பிறகுதான் சாப்பாட்டு உப்பு பூக்கத் தொடங்கும். அது படிந்ததும், மக்னீசிய உப்புகள் நிறைந்த கசப்பு நீரை வடித்து வெளியேற்றிவிடுகிறார்கள். ஒவ்வோர் உப்புக்கும் கரையும் அளவு வேறு என்ற ஒரே பௌதிக குணத்தை நம்பித்தான் இத்தனை பெரிய தொழில் நடக்கிறது. கலவை, கரைசல், அடர்த்தி, படிகமாதல் என்று ஓர் அத்தியாயமே அந்த வரப்பில் எழுதியிருக்கிறது.

வெற்றிலைச் சுண்ணாம்பின் கதை

கண் எப்படி ஏமாறும் என்பதற்குச் சுண்ணாம்பு நல்ல உதாரணம். கடற்கரைக் கிளிஞ்சல் வெள்ளை. அதைக் காளவாயில் சுட்டால் வருகிற சுண்ணாம்பும் வெள்ளை. தண்ணீர் ஊற்றி நீற்றினால் 'உஸ்' என்று கொதித்துப் பொங்கி, வெள்ளை மாவாகிறது. அதைக் கரைத்துச் சுவரில் அடித்தால் அதுவும் வெள்ளை. 'எல்லாம் சுண்ணாம்புதானே!' என்கிறது கண்.

தராசைக் கேட்டால் வேறு கதை சொல்கிறது. சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 கிராம் எடுத்து முழுக்கச் சுட்டால் 56 கிராம்தான் மிஞ்சும். மீதி 44 கிராம் கரியமில வாயுவாகக் காற்றில் போய்விட்டது. அந்த 56 கிராமை நீற்றினால் 18 கிராம் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு 74 கிராம் ஆகிறது. சுவரில் பூசிய பிறகு அந்தத் தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றிலிருந்து 44 கிராம் கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்கிறது. மீண்டும் 100 கிராம்! கிளிஞ்சலிலிருந்து கிளம்பிய பொருள், சுற்றி வந்து சுவரில் மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே உட்காருகிறது. கண் பார்த்தது ஒரு வெள்ளை. தராசு பார்த்ததோ மூன்று தனித்தனிப் பொருள்கள்.

கண் மட்டுமா ஏமாந்தது? நவீன ரசாயனத்தின் தந்தை என்று போற்றப்படும் லவாய்சியரும் இந்தச் சுண்ணாம்பு விஷயத்தில் தடுக்கி விழுந்தவர்தான்! 1789-ஆம் ஆண்டு பாரிஸில் வெளியான தம் நூலில் அவர் 33 தனிமங்களின் பட்டியலைக் கொடுத்தார். அதில் தங்கமும் வெள்ளியும் இருந்தன. கூடவே ஒளியும் வெப்பமும் இருந்தன. சுட்ட சுண்ணாம்பும் இருந்தது. அவர் காலத்தில் அதை எவராலும் மேலும் பிரிக்க முடியவில்லை. எனவே தனிமம் என்று வைத்தார்.

ஆனால் அவருடைய பெருமை எங்கே இருக்கிறது தெரியுமா? இதுவரை பிரிக்க முடியாதது எதுவோ அதுவே இப்போதைக்குத் தனிமம் என்று அவர் வைத்த நிபந்தனையில் இருக்கிறது. சுண்ணாம்பு போன்ற மண்வகைகள் நெடுநாள் அந்தப் பட்டியலில் நிற்கமாட்டா என்று அவரே சந்தேகப்பட்டார். 1794-இல் பிரெஞ்சுப் புரட்சி அவர் தலையை வாங்கிவிட்டது. 1808-இல் இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தின் துணையால் சுண்ணாம்பிலிருந்து கால்சியம் என்ற உலோகத்தைப் பிரித்துக் காட்டினார். சுண்ணாம்பு தனிமப் பட்டியலிலிருந்து இறங்கியது; கால்சியம் ஏறியது.

இன்று பட்டியலில் 118 தனிமங்கள் இருக்கின்றன. அந்த எண்ணிக்கையை மனப்பாடம் செய்த மாணவன் ஒரு மார்க்கு வாங்குவான். சுண்ணாம்பு ஏன் இறக்கப்பட்டது என்று புரிந்துகொண்ட மாணவனுக்கோ விஞ்ஞானம் என்றால் என்ன என்றே புரிந்துவிடும்.

ஒரு சாட்சி போதாது

வெளுத்ததெல்லாம் பாலல்ல; மின்னுவதெல்லாம் பொன்னல்ல. இது ஊரறிந்த பேச்சு. ஆனால் எத்தனை குணங்களைப் பார்த்தால் பாலைப் பால் என்றும் பொன்னைப் பொன் என்றும் நம்பலாம்? ஒன்று போதாது என்பதுதான் ரசாயனம் சொல்லும் பதில்.

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க லாக்டோமீட்டர் இருக்கிறது. அது பார்ப்பது அடர்த்தி என்ற ஒரே குணத்தை. கள்ளனுக்கு அது போதும். பாலின் ஏட்டை எடுத்துவிட்டால் பால் சற்றுக் கனமாகும். அளவாகத் தண்ணீர் ஊற்றினால் பழைய அடர்த்திக்கே இறங்கிவிடும். கருவி 'நல்ல பால்' என்று சான்று கொடுக்கும்; வெண்ணெயும் போய், காசும் போய் நிற்பார் வாங்கியவர். அதனால்தான் கொழுப்பையும் சேர்த்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

பொன் விஷயமும் அப்படியே. தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 19.3 மடங்கு. டங்ஸ்டன் என்ற மலிவான உலோகத்தின் அடர்த்தியும் ஏறக்குறைய அதேதான். டங்ஸ்டனை உள்ளே வைத்து மேலே கனமாகத் தங்கம் போர்த்திய கட்டி, தராசையும் ஏமாற்றும், தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கும் சோதனையையும் ஏமாற்றும். உரைகல்லில் கோடு இழுத்துத் திராவகம் விட்டுப் பார்க்கும் பத்தரையும் ஏமாற்றும். கல்லில் தேய்வது மேல்தோல்தானே! உலையில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். தங்கம் 1,064 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். டங்ஸ்டனுக்கோ 3,400 டிகிரியும் போதாது.

ஆக, ஒரு பொருளின் அடையாளம் அதன் ஒரு குணத்தில் இல்லை. பல குணங்கள் ஒன்றுகூடிச் சொல்லும் சாட்சியில் இருக்கிறது.

உயிரைக் குடித்த ஒற்றுமை

பாலிலும் பொன்னிலும் ஏமாந்தால் பணம்தான் போகும். உயிர் போன கதையும் உண்டு.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்தில் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களிலும் இதே துயரம் நடந்தது. குடித்தவர்களின் படிப்பைக் குறை கூறுவது நியாயமில்லை. அது விற்றவர்கள் செய்த கொலைபாதகம். ஆனால் அந்த விஷம் எப்படி மறைந்திருந்தது என்று பார்த்தால் உடல் நடுங்கும்.

சாராயத்தில் போதை தருவது எத்தனால். அதன் ஒன்றுவிட்ட சகோதரன் மெத்தனால். சாயம், பசை, பிளாஸ்டிக் முதலிய தொழில்களுக்கு உரியது. இரண்டுக்கும் நிறம் கிடையாது. இரண்டும் தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும். இரண்டும் தீப்பற்றி எரியும். வாசனையும் ஏறக்குறைய ஒன்று. அடர்த்தியோ, இரண்டுக்கும் தண்ணீரைப்போல் 0.79 பங்கு! எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும். மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும். ஆனால் தண்ணீரோடும் சாராயத்தோடும் கலந்த பிறகு அந்த வித்தியாசமும் வெளியே தெரியாது. பரிசோதனைச் சாலைக்குப் போனால்தான் உண்டு.

வெளியே இத்தனை ஒற்றுமை. உடலுக்குள் போனதும் ரசாயன குணம் தன் சுயரூபத்தைக் காட்டுகிறது. மெத்தனாலை ஈரல் பார்மால்டிஹைடாகவும், பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கிக் குருடாக்கும். இரத்தத்தைக் கெடுத்து உயிரையும் வாங்கும். கண்ணும் மூக்கும் நாக்கும் மூன்று சாட்சிகளாக நின்று 'ஒன்றுதான்' என்று சொன்னதை, உடல் ஒன்றே 'இல்லை' என்று மறுத்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

பௌதிக குணம் வேறு, ரசாயன குணம் வேறு என்று புத்தகத்தில் வருகிற அந்த இரண்டு வரிகள், பரீட்சைக்காக எழுதப்பட்ட வெறும் வரிகள் அல்ல. 'பார்வைக்கு ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது' என்ற எச்சரிக்கை அவற்றுக்குள் இருக்கிறது.

நேரம் எங்கே? சாலை எங்கே?

இதற்கு உபாத்தியாயர்கள் சொல்லும் மறுப்பையும் கேட்க வேண்டும். வகுப்பில் பிள்ளைகள் ஏராளம்; பாடமோ மலைபோல் கிடக்கிறது; பரிசோதனைச் சாலை பல பள்ளிகளில் பூட்டியே கிடக்கிறது. பரீட்சையில் கேட்பது 'வரையறு', 'வேறுபடுத்து', 'எடுத்துக்காட்டு தருக' என்பவைதான். இதில் விசாரணை நடத்த ஏது அவகாசம்?

இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. பெயர்களும் வரையறைகளும் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. பெயரில்லாமல் எதைப் பற்றியும் பேச முடியாது. ஆனால் இந்த ஒரு பாடத்துக்குச் சாலை தேவையில்லை, சமையலறை போதும்.

நான்கு காகிதப் பொட்டலங்களில் உப்பு, சர்க்கரை, ஆப்ப சோடா, அரிசி மாவு ஆகியவற்றைப் பொடித்து வைக்கட்டும். நான்கும் வெள்ளை. எது எது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். நாக்கில் வைக்கக் கூடாது என்பதே முதல் சட்டம். தண்ணீரில் போட்டால் மாவு கரையாமல் அகப்பட்டுக்கொள்ளும். எலுமிச்சம்பழச் சாறு விட்டால் சோடா நுரைத்துப் பொங்கும். மீதி இரண்டையும் உபாத்தியாயர் கரண்டியில் வைத்துச் சூடு காட்டினால், சர்க்கரை உருகிப் பழுத்துக் கருகும். உப்பு ஒன்றும் நடக்காததுபோல் அப்படியே இருக்கும். கரைவது பௌதிக குணம். நுரைப்பதும் கருகுவதும் ரசாயன குணம். ஒரு மணி நேரம், இரண்டு ரூபாய்ச் சரக்கு. அந்த வகுப்புப் பிள்ளைகள் சாகும் வரை மறக்கமாட்டார்கள்.

கற்பூர டப்பாவையும் கொண்டுவரலாம். மூடி சரியில்லாத டப்பாவில் கற்பூரம் நாளுக்கு நாள் கரைந்து காணாமல் போகிறது. தட்டில் ஏற்றிய கற்பூரமும் காணாமல் போகிறது. முதலாவது ஆவியாகிப் போனாலும் கற்பூரமாகவே போகிறது; பிடித்துக் குளிர வைத்தால் மறுபடியும் கற்பூரம். இரண்டாவது எரிந்து வேறு பொருளாகிவிட்டது. எந்தக் குளிரும் அதைத் திருப்பித் தராது. பௌதிக மாற்றத்துக்கும் ரசாயன மாற்றத்துக்கும் இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

பரீட்சை வைப்பவர்களும் ஓர் உதவி செய்ய வேண்டும். 'கடல்நீர் எவ்வகைப் பொருள்?' என்று கேட்டு ஒரு மார்க்குக் கொடுப்பதற்குப் பதில், 'கடல்நீர் கலவை என்று எப்படி நிரூபிப்பாய்?' என்று கேட்டு மூன்று மார்க்குக் கொடுக்கட்டும். பரீட்சை எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பு கற்றுக்கொடுக்கும். கேள்வி மாறினால் பாடம் தானாக மாறும்.

தமிழில் 'பொருள்' என்றால் வஸ்து. 'பொருள்' என்றால் அர்த்தமும்கூட. வஸ்துவைச் சோதிக்காதவனுக்கு வார்த்தையின் அர்த்தமும் கைக்கு வருவதில்லை. ஆகையால், "எப்படித் தெரியும்?" என்று கேட்ட அந்தக் கடைசி பெஞ்சுச் சிறுவனை உட்காரச் சொல்லக் கூடாது. முன்னால் கூப்பிட்டு, அவன் கையில் ஒரு தராசைக் கொடுக்க வேண்டும்.